சம்மதக் கடிதம்

கோயம்புத்தூரில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டார்கள். "பாத்துச் செஞ்சுபோடலாங்க" என்பார்கள். அதற்கு முடியாது என்றுதான் அர்த்தம் என்பது எனக்கு உறைக்க ஐந்து மாதம் ஆனது. இத்தனைக்கும் நான் பக்கத்திலேயே இருக்கும் அன்னூர்க்காரி.

என் பிஎச்.டி. பாதி பல்கலைக்கழகத்துக்கு, பாதி போர்வெல் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனிக்கு. வாரத்தில் மூன்று நாள் கம்பெனியின் சோதனைக்கூடம், இரண்டு நாள் வளாகம். தொழிலும் படிப்பும் கைகோக்கும் திட்டம் என்று தொடக்க விழாவில் ஆளாளுக்குப் பேசினார்கள். கைகோத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு எதிராகக் கோத்தார்கள்.

நான்காம் அத்தியாயத்துக்காக எட்டு மாதம் மோட்டார்களை ஓட்டி எரித்தேன். கம்பெனி காயிலுக்குப் புதுவகைக் கம்பி போட ஆரம்பித்திருந்தது. கரண்ட் சீராக வந்தால் ஒரு குறையும் இல்லை, மற்ற அத்தியாயங்களில் அதைத்தான் எழுதியிருந்தேன். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வருகிற மாதிரி வோல்டேஜைக் குறைத்து ஓட்டினால் பழைய கம்பி தாங்கியது, புதியது கருகியது. நம்பாமல் திரும்பத் திரும்ப ஓட்டினேன். திரும்பத் திரும்பக் கருகியது.

கம்பெனி சம்மதக் கடிதம் தந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்பது ஒப்பந்தம். கேட்டுப் போனேன். ஆராய்ச்சிப் பிரிவு மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க அம்மணி, மொதல்ல காப்பி சாப்புடுங்க. அருமையா எழுதியிருக்கீங்க."

"அந்த லெட்டருங்க சார்?"

"அதுக்கென்னங்க, பாத்துச் செஞ்சுபோடலாங்க."

ஐந்து மாதம் காப்பி குடித்தேன். உன் கணக்கு தப்பு என்று ஒருநாளாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கெடுவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் நெறியாளரிடம் போய் நின்றேன். அவருடைய புது ஆய்வகமே அந்தக் கம்பெனி கட்டிக்கொடுத்தது.

"நாலாவது இல்லாமயே தீசிஸ் நிக்கும் கண்ணு. எடுத்துப் போடு" என்றார்.

"அந்த மோட்டார வாங்கறவங்க என்னங்க சார் பண்ணுவாங்க?"

"அது நம்ம வேலையில்ல."

அவரைத் திட்டுவது சுலபம், நிறையவே திட்டியிருக்கிறேன். ஆனால் அழித்தது என் விரல். ஐந்தாம் அத்தியாயம் கணினியில் தானாகவே நான்கானது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கடிதம் மின்னஞ்சலில் வந்துவிட்டது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். என் ஆய்வேட்டை உண்மையிலேயே படித்துவிட்டு வந்த ஒரே மனிதர். முதல் வரிசையில் நெறியாளரும் மேலாளரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள்.

"வோல்டேஜ் குறைஞ்சா இந்தப் புதுக் கம்பி என்ன ஆகும்? நீங்க ஏன் அதைப் பார்க்கலை?" என்று கேட்டார் பேராசிரியர்.

சொல்லியிருக்கலாம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், எண்கள் எனக்கு மனப்பாடம்.

"நல்ல கேள்விங்க சார். அது இனிமே யாராவது செய்ய வேண்டிய ஆராய்ச்சிங்க" என்றேன்.

அவர் திருப்தியாகக் குறித்துக்கொண்டார். முதலில் கைதட்டியவர் மேலாளர்தான். முடிந்ததும் எழுந்து வந்து, "வாழ்த்துகள் டாக்டர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"நன்றிங்க சார்" என்றேன்.