ஏழு பேருக்கும் தெரிந்த வசனம்

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கலை மன்ற அலுவலகத்துக்குப் புது ஒலிபெருக்கிகள் வந்து இறங்கின. அட்டைப்பெட்டியை நான்தான் கத்தியால் கிழித்தேன். கிழித்ததும் வந்தது பாருங்கள் ஒரு வாசனை! புது அட்டையும் ஒட்டு டேப்பும் கலந்த வாசனை. கையில் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டேன். "என்னக்கா, கைய வெட்டிக்கிட்டீங்களா?" என்று பதறினாள் அலுவலகத்துப் பெண். "கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ வேலையப் பாரு லா" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பழகினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள்.

அந்த அலுவலகத்தில் எனக்குச் சம்பளமெல்லாம் கிடையாது. அக்கம்பக்கத்து நாடகக் குழு, உறுமி மேளக் குழு, குடியிருப்புப் பிள்ளைகளின் கூத்துப் பட்டறை என்று யார் யாரோ உதவி கேட்டு விண்ணப்பம் போடுவார்கள். அதைப் படித்து, மண்டபம் கொடுக்கலாமா, விளக்கும் ஒலியும் பார்க்க ஆள் அனுப்பலாமா என்று முடிவு செய்யும் குழுவில் நானும் ஒருத்தி. இப்போது கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி வைத்துக்கொண்டு அடுத்தவர் விண்ணப்பத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறேன். ஒரு காலத்தில் இதே மன்றத்துக்கு நான் எழுதிப்போட்ட விண்ணப்பத்தைப் பார்த்து மொத்த அலுவலகமும் சிரித்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

அட்டை வாசனை என்றால் எனக்குப் போர்ட் கிள்ளான் துறைமுகம்தான். இருபது வயதில் அங்கே ஒரு கிடங்கில் வேலை. கொள்கலனில் வந்திறங்கும் சாமானைப் பிரித்து, சின்னப் பெட்டிகளில் அடுக்கி, லேபல் ஒட்டி, லோரிக்கு அனுப்ப வேண்டும். எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் முடியில் அட்டை வாசனை போகாது. பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை, "வீட்ல பெயின்ட் அடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

கிடங்கில் எங்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத மேல்சட்டை ஒன்று தருவார்கள். முதுகில் பெரிதாக எண். சூப்பர்வைசர் மணியம் அந்த எண்ணைச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிடுவார். "பதினொண்ணு, இங்க வா!" "ஆறு எங்க போச்சு?" போச்சாம்! ஆடு மாடு காணாமல் போன மாதிரி. மனிதர் கெட்டவர் இல்லை, அடிக்கடி ஆள் மாறும் இடத்தில் பெயரை மனப்பாடம் செய்ய அவருக்குப் பொறுமையில்லை, அவ்வளவுதான். ஆனால் மல்லிகா அக்கா அங்கே பன்னிரண்டு வருஷமாக இருந்தார். பன்னிரண்டு வருஷமும் அவர் "நாலு".

நாடகம் தொடங்கியதே அந்த "நாலு"வில்தான். ஒருநாள் ஓய்வு நேரத்தில் மல்லிகா அக்கா எழுந்து, தொந்தியைத் தள்ளிக்கொண்டு மணியம் மாதிரி நடந்து காட்டினார். நாங்கள் தேத்தண்ணியைச் சிந்திச் சிந்திச் சிரித்தோம். எங்கள் கூட்டத்திலேயே பெரிய வாயாடி ராஜி, "அக்கா, இத நாடகமா போட்டா என்ன?" என்று கேட்டாள். ஒரே மாதத்தில் அக்கா எழுதி முடித்துவிட்டார். பார்வதி என்ற கிடங்குத் தொழிலாளி, அவள் மாமியார், ஒரு லோரிக்காரன், ஒரு சூப்பர்வைசர். நான்கே பாத்திரங்கள். கடைசியில் பார்வதி சூப்பர்வைசரை நேராகப் பார்த்து, "என் பேரு என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்பாள். அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற எல்லா வரியும்.

நாங்கள் ஏழு பேர். மூன்று ஷிப்ட். ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு என்பது எங்கள் கிடங்கில் நடக்காத காரியம். ஒத்திகைக்கு ஒருநாள் மூன்று பேர் வருவோம், ஒருநாள் ஐந்து பேர். மல்லிகா அக்கா ஒரு சட்டம் போட்டார். "எல்லாரும் எல்லா வேஷத்தையும் படிங்க. எவ வரலையோ அவ வசனத்த இருக்கிறவ சொல்லிடணும். நாடகம் நிக்கக் கூடாது." அப்படியே பழகினோம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கீழே இருந்த பேட்மிண்டன் கோர்ட்டில் ராஜி மாமியாராகத் திட்டுவாள், சட்டென்று திரும்பி நின்று மருமகளாக அழுவாள். பார்க்கிறவர்கள் அவளுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

எல்லாம் இருந்தது, மேடைதான் இல்லை. கலை மன்றத்துக்கு எழுதினோம். முதல் முறை ஏதோ தாள் குறைகிறது என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை தேதி தாண்டிவிட்டது என்றார்கள். மூன்றாம் முறை விண்ணப்பப் பாரத்தை நிரப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது, என் மலாய் எழுத்து அழகாக இருக்குமாம். பாரத்தில் ஒரு கட்டம். இடது பக்கம் பாத்திரம், வலது பக்கம் நடிப்பவர். நான்கு பாத்திரத்துக்கும் எதிரே ஏழு பேர் பெயரையும் நான்கு முறை எழுதி அனுப்பினேன். நீங்களே சொல்லுங்கள், இதில் என்ன தப்பு? உள்ளதைத்தானே எழுதினேன்?

மன்ற அதிகாரி ஹாஷிம், மரியாதைக்கு என்சிக் ஹாஷிம் என்போம், போன் செய்தார். விளையாடுகிறீர்களா என்று மலாயில் கேட்டார். ஒரு மாமியாருக்கு ஏழு பேரா என்று அலுவலகமே சிரிக்கிறதாம். இப்படி ஒரு குழு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் வருவதாகச் சொன்னார். மல்லிகா அக்காவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "இதுவும் இல்லேன்னா விட்ருவோம்மா. இவ்ளோ வருஷம் நாலாவே இருந்துட்டேன். அப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றார். அழுதுவிடுவேன் போலிருந்தது. நான் எழுதிய லட்சணத்தால் இந்த மனுஷி கடைசிவரை நாலாகவே இருந்துவிடுவாரோ என்று அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகியிருக்கும்? கப்பல் சீக்கிரமே வந்துவிட்டது, நான்கு பேரை ஓவர்டைமுக்கு இழுத்துக்கொண்டார்கள். கோர்ட்டில் மல்லிகா அக்கா, ராஜி, நான், மூன்றே பேர். ஹாஷிம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையும் பாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "வேற யாரும் வரல என்சிக், ஆனா நாடகம் இருக்கு" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டுத் தொடங்கினோம். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பாதிக் காட்சியில் திடீரென்று கையைத் தட்டி, "துக்கார்!" என்றார். மாற்றிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நாங்கள் மாற்றினோம். நான் பார்வதியானேன், ராஜி லோரிக்காரன் ஆனாள். ஒரு சொல் இடறவில்லை. இன்னும் இரண்டு வரி போனதும் மறுபடி "துக்கார்!" மாற்றினோம். நான்காவது துக்காருக்கு மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பாரத்தை எடுத்து, நான் எழுதிய கட்டத்தின் பக்கத்தில் "சரி" என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ராஜி என்னை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள், எனக்குத் தலை கிறுகிறுத்தது.

கிள்ளானில் மண்டபம் கிடைத்தது. விளக்குக்கு ஆள், ஒலிக்கு ஆள். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசச் சொல்லித்தர ஒரு பயிற்சியாளர் நான்கு வாரம் எங்கள் ஷிப்ட்டுக்குத் தகுந்தபடி வந்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஹாஷிம் ஒரு காரியம் செய்தார். ஏழு பேரையும் ஒரே மேடையில் பார்க்க வேண்டும் என்று மன்றத்தின் முத்திரையோடு எங்கள் கம்பெனிக்கே கடிதம் எழுதிவிட்டார். முத்திரையைப் பார்த்த மேனேஜர் ஏழு பேருக்கும் லீவு கொடுத்தார். கம்பெனியின் சார்பில் பார்த்துவிட்டு வரும்படி மணியத்தையும் அனுப்பினார். அது எங்களுக்குத் தெரியாது.

திரை விலகியது. நன்றாகத்தான் போனது. கடைசிக் காட்சியில் பார்வதியாக மல்லிகா அக்கா, மீசை வரைந்துகொண்டு சூப்பர்வைசராக ராஜி. நாங்கள் ஐந்து பேர் பக்கத்துத் திரைக்குப் பின்னால். அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். முதல் வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில், மணியம். அக்காவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தானே இத்தனையும்! போச்சே என்று நினைத்தேன்.

அப்போதுதான் எங்கள் பழக்கம் வேலையைக் காட்டியது. ஒருத்தி வசனம் வரவில்லையென்றால் இருக்கிறவள் சொல்லிவிட வேண்டும். முதலில் யார் சொன்னது என்று இன்றைக்கும் எனக்கும் ராஜிக்கும் சண்டை. உண்மையில் ஆறு பேரும் ஒரே மூச்சில் சொன்னோம். பயிற்சியாளர் புண்ணியத்தில் கடைசி வரிசைக்கே கேட்டது. "என் பேரு என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" மீசை வைத்த ராஜியும் சேர்ந்து கேட்டாள், தன்னைத் தானே கேட்கிறோமே என்ற நினைப்பு கூட இல்லாமல். கேட்டுக்கொண்டே நாங்கள் ஐந்து பேரும் மேடைக்கு வந்து அக்காவுக்குப் பின்னால் நின்றோம். யாரும் வரச் சொல்லவில்லை, கால் வந்தது.

மல்லிகா அக்கா மெல்ல மணியத்தைப் பார்த்தார். எழுதி வைத்த வசனம், "என் பேரு பார்வதி." அவர் அதைச் சொல்லவில்லை. "என் பேரு மல்லிகா" என்றார். "பன்னெண்டு வருஷமா அதான் என் பேரு."

ஐயோ, அந்தக் கைதட்டல்! பின் வரிசையில் விசில். தமிழ் தெரியாத ஹாஷிம் நாற்காலியை விட்டு எழுந்து நின்று தட்டினார். நான் வாழ்க்கையில் எத்தனையோ பரிசு மேடை ஏறியிருக்கிறேன், அந்தச் சத்தத்துக்கு ஈடாக ஒன்றைக் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை மணியம் வேலைப் பட்டியலோடு வந்தார். "நா..." என்று தொடங்கி நிறுத்தினார். காது சிவந்துபோனது. "மல்லிகா, நீ ரெண்டாவது லோரி வாசலுக்குப் போம்மா" என்றார். அடுத்து என் பக்கம் திரும்பி, "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார். இரண்டு வருஷம் வேலை பார்த்தபின் கேட்கிறார்! சொன்னேன். பேனாவால் பட்டியலில் எழுதிக்கொண்டார்.

இப்போது அந்த ஏழு பேரும் ஏழு திக்கில். மல்லிகா அக்கா மகளோடு சுங்கை பூலோவில் இருக்கிறார், ராஜி கேரி தீவில் மருமகளை மேய்க்கிறாள். ஹாஷிம் ஓய்வு பெற்றுவிட்டார். பாரமெல்லாம் கணினிக்குப் போய்விட்டது, நேரில் வந்து துக்கார் சொல்ல ஆளில்லை. அதற்கெல்லாம் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் போன வருஷம் ஒரு வேலையாகப் போர்ட் கிள்ளான் போனபோது அந்தக் கிடங்கு வாசலில் சின்னப் பெண்கள் சிலர் ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியை நிறுத்தி, "உங்க சூப்பர்வைசர் உங்கள எப்படிம்மா கூப்பிடுவாரு?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "பேரச் சொல்லித்தான் ஆன்டி. வேற எப்படிக் கூப்பிடுவாங்க?"