நெர்மின் எழுதிய சோக நாடகம்

துருக்கியில் இருந்த காலத்தில் நெர்மினின் நாடகங்கள் மேடையேறின. கணவர் ஓர்ஹானோடு லண்டன் வந்த பிறகு பிளேஸ்டோவில் ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை. பின்னேரங்களில் எழுதுவார். எழுதியதை நடிக்கத்தான் ஆளில்லை.

கூட வேலை செய்த றொசாந்தி, தன் கோயிலின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு நாடகம் தேடிக்கொண்டிருந்தாள். இருவரும் பேசுவது ஆங்கிலம். 'அக்கா' மட்டும் தமிழ்.

"ஒவ்வொரு வருசமும் அதே இடையர், அதே ஆட்டுக்குட்டி. சனம் கொட்டாவி விடுது. உங்கட நாடகம் ஒண்டு தாங்கோ அக்கா."

நெர்மின் தந்தது கனமான கதை. லண்டனில் வாழும் ஒருவர், "நாளைக்கு ஊருக்குப் போகிறேன்" என்று பெட்டியும் கையுமாக வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைசியில் வாசல்வரை போய், வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருகிறார். அந்த இடத்தில் சபை அழவேண்டும். றொசாந்தி அதைத் தமிழாக்கினாள்.

விழாவன்று, அந்த மனிதராக நடித்த கிளின்ரன் பெட்டியோடு மேடைவாசல்வரை போனான். நின்றான். திரும்பினான்.

"மழை பெய்யுது. நாளைக்குப் போறன்."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. "இது எங்கட மனிசன்தான்!" என்று ஒரு பெண் கத்தினாள்.

நெர்மின் விறுவிறென்று வெளியே போய்விட்டார். றொசாந்தி பின்னாலேயே ஓடினாள்.

"என் வசனத்தை என்ன செய்தாய்? ஏன் சிரிக்கிறார்கள்?"

"ஒரு சொல்லும் மாத்தேல்லை அக்கா. எங்கட வீட்டிலயும் இப்பிடி ஒராள் இருக்கிறார். என்ர மாமா வருசா வருசம் மன்னாருக்குப் போறார். இன்னும் லண்டனில குட்மேய்ஸைத் தாண்டேல்லை."

அதற்குள் ஓர்ஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் சிரித்துச் சிரித்து முகம் சிவந்திருந்தது.

"நெர்மின், பெட்டியோடு நின்ற அந்த ஆள் நான்தானே?"

இத்தனை நாளும் அவருக்குக் காட்டாமல் எழுதிய நாடகம். கோபித்துக்கொள்வார் என்று பயந்திருந்த நெர்மினுக்கு, அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்ததும் அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது.

அடுத்த கோடையில் வடலண்டன் துருக்கியர் சங்கம் அதே நாடகத்தை நகைச்சுவை என்று விளம்பரப்படுத்திப் போட்டது. பெட்டிக்காரராக நடித்தவர் ஓர்ஹான். நெர்மின் இப்போது அடுத்ததை எழுதுகிறார். "எனக்கு வசனம் கூட வை" என்று ஓர்ஹான் தினமும் நச்சரிக்கிறார்.