உப்பு ஜாஸ்தி

ரத்தப் புற்றுநோய்க்குச் சென்னையில் வைத்தியம் முடிந்து திருவண்ணாமலைக்குத் திரும்பியபோது என் தலையில் முடி இல்லை, நாக்கில் ருசி இல்லை. தலையைப் பார்த்து, "எந்தக் கோயில்ல வேண்டுதல்?" என்று கேட்டவர்கள் உண்டு. நாக்கு செத்துப்போனதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி ஊசி குத்த அழைத்துப் போய்விடுவார்களோ என்று பயம்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் மாமியாரிடமிருந்து சமையலறையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் என் சமையலில் குறை சொல்லாமல் அத்தைக்குச் சோறு இறங்காது. ரசம் வைத்தால் புளி கம்மி, பொரியல் செய்தால் எண்ணெய் ஜாஸ்தி. அன்றைக்கோ, என் கத்திரிக்காய்க் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"நல்லா இருக்கும்மா."

கணவர் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, "சூப்பர்" என்றார்.

அத்தை என்னைப் பாராட்டுகிறார் என்றால் டாக்டர் அவர்களிடம் தனியாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் தினமும் பாராட்டப் பாராட்ட, எந்தப் புடவை யாருக்கு என்று மனசுக்குள் பிரிக்க ஆரம்பித்தேன். ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கும் என் அலுவலகத்துக்குத் திரும்பினேன். என் டப்பாவில் பங்கு கேட்ட தோழி ஒரு வாயோடு, "நான் டயட்ல இருக்கேன்ப்பா" என்று மூடிவிட்டாள்.

அந்தப் பௌர்ணமிக்குப் போளூரிலிருந்து கணவரின் சித்தப்பா வந்தார். கிரிவலம் சுற்றிவிட்டுக் காலையில் பசியோடு உட்கார்ந்தவருக்கு இட்லி வைத்துச் சாம்பார் ஊற்றினேன்.

"ஏம்மா, உப்பு டப்பா கவுந்துடுச்சா?"

அத்தை அவரைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார்.

"இன்னா அண்ணி கண்ண சிமிட்டறீங்க? வாய்ல வெக்க முடியல!"

"பொழச்சி வந்த பொண்ணு ஆசையா செஞ்சிருக்கு. பேசாம துன்னுட்டுப் போயேன்."

"அப்ப நல்லா இல்லியா அத்தை?" என்றேன்.

அத்தை என்னையும் சாம்பாரையும் மாறி மாறிப் பார்த்தார். அவ்வளவுதான், மடை உடைந்தது. "நல்லாவா? மொத நாள் வெச்சியே கொழம்பு, அது கடல் தண்ணி! உன் புருசனுக்குப் பிரஷரே ஏறிப்போச்சு. சொன்னா மனசு ஒடிஞ்சிடுவியேன்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

"டாக்டர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"எல்லாம் சரியாயிடுச்சு, எப்பவும் போல இருங்கன்னாரு."

"எப்பவும் போல இருந்தீங்களா?" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். நாக்கு விஷயத்தையும் அங்கேயே சொல்லிவிட்டேன். போனில் கேட்ட டாக்டர், சிகிச்சையால் வருவதுதான், தானாகச் சரியாகிவிடும் என்றார்.

அப்படியே ஆனது. முதலில் புளிப்பு வந்தது, பிறகு காரம், கடைசியாகத்தான் உப்பு. அதுவரை அத்தை அடுப்பருகே நின்று உப்புப் போட்டார். போட்டதோடு நிறுத்தினாரா? வெங்காயத்தை நான் நறுக்கும் லட்சணத்தையும் பேசினார். நானும் விடவில்லை. இரண்டாம் நாளே பெரிய சண்டை. கணவர் எங்கள் குரல் கேட்கும் தூரத்தில் நாற்காலியைப் போட்டு, நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.