கோழியிடம் சொன்ன வெள்ளம்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் எங்கள் வீடு ஓடைக்கரையில் இருந்தது. ஊரில் ஒரு தூறல் விழாத நாளிலும், மேற்கே மலையில் மழை பிடித்தால் ஓடை பெருகித் தெருவுக்குள் வந்துவிடும். அப்படி வந்த ஒரு வெள்ளத்தில் பின்பக்க மண்சுவர் சரிந்தது. அதை மறுபடி எழுப்ப அம்மாவின் கழுத்துச் சங்கிலி போனது. இன்னொரு முறை சுவர் விழுந்தால் விற்பதற்கு வீட்டில் எதுவும் இல்லை. அதனால்தான் அப்பா வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் புறப்பட்டார்.

அது பாதி வீடு. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது முற்றத்தின் நடுவே தோள் உயரத்துக்கு ஒரு சுவர் வைத்தார்கள். அன்றோடு இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நின்றது நேரடிப் பேச்சு மட்டும்தான். சாடைப் பேச்சு நடந்துகொண்டே இருந்தது. பெரியம்மா தன் கோழியைத் திட்டுவாள், அது அம்மாவுக்கு. அம்மா எங்கள் ஆட்டைத் திட்டுவாள், அது பெரியம்மாவுக்கு. பதில் சொல்லாமல் விட்டவள் தோற்றவள். தெருவில் எல்லாருக்கும் இது தெரியும்.

இன்சூரன்ஸ் அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. நான் அப்போது ஒரு பத்திரிகைக்கு உள்ளூர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். நிருபர் மகன் உடன் வந்தால் மரியாதை கிடைக்கும் என்று அப்பா நினைத்தார். கிடைக்கவில்லை. அதிகாரி எங்களை நிற்க வைத்தே பேசினார்.

"தீ, இடி, கலவரம் எல்லாத்துக்கும் தரலாம். வெள்ளத்தையும் சேக்கணும்னா நான் நேர்ல வந்து பாக்கணும். விலாசத்துல ஓடைத் தெருன்னு இருக்கே?"

"பேருதான் சார். ஓடை தள்ளி இருக்கு."

"எவ்வளவு தள்ளி?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஓடைக்குள்ள வீட்டக் கட்டிட்டு எங்க தலைல கட்ட வர்றீங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என்னிடம், "ஏலே, மழை பேஞ்சா நம்ம தெரு நனையும். அம்புட்டுதான். வேற ஒண்ணும் யாரும் சொல்லக் கூடாது" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இன்னும் கண்டிப்பாகச் சொன்னார். "ஏட்டி, அந்த ஆபீசர் வந்துட்டுப் போற வரைக்கும் அங்கிட்டு என்ன பேசுனாலும் நீ ஊமை. தெரிஞ்சுதா?"

"நான் எதுக்குப் பேசுதேன்? நான் என்னைக்கு மொதல்ல பேசியிருக்கேன்?"

சுவரில் இடுப்பளவில் ஓடிய செம்மண் கறையின் மேல் அப்பா சுண்ணாம்பு அடித்தார். கறை இருந்த உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும்தான் அடித்தார். அதற்கு மேல் பழைய சுவர் பழையபடி இருந்தது.

அதிகாரி நல்ல வெயில் நாளில் வந்தார். வந்ததும் சுவரைத்தான் பார்த்தார்.

"பாதிச் சுவருக்கு மட்டும் வெள்ளையா?"

"தீவாளி வருதுல்லா சார். மிச்சம் பொறவு அடிக்கணும்."

முற்றத்தில் நாற்காலி போட்டோம். அம்மா காப்பி கொடுத்தாள். அதிகாரி பேனாவைத் திறந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா கோழியிடம் பேச ஆரம்பித்தாள்.

"ஏ கோழி, இன்னைக்கு நாற்காலி என்ன, காப்பி என்ன! வெள்ளம் வந்தன்னைக்கு நெல்லுக் குலுக்கை மேல ஏறிக்கிட்டு, 'அக்கா, என்னத் தூக்குங்க'ன்னு அழுத வாய்தான இது?"

அப்பா பலமாக இருமினார். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அதிகாரி காப்பியை உறிஞ்சாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தூக்கிவிட்டதுக்கு ஒரு நன்றி உண்டா? பதிலக் காணோம் பாரு. உண்மையச் சொன்னா வாயடைச்சுப் போகும்."

அம்மா ஆட்டின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஏ ஆடே, யாரு யாரத் தூக்குனா? நம்ம வீட்டுல தண்ணி இடுப்புக்குத்தான் நின்னுச்சு. அங்கிட்டுதான் நெஞ்சு மட்டுக்கு! அவுக அரிசிப் பானை மெதந்து நம்ம வாசலுக்கு வந்துச்சே, எடுத்துக் குடுத்தது யாரு?"

"இடுப்பளவா?" என்று அதிகாரி கேட்டார், குரலை உயர்த்தாமல்.

"இடுப்புதான் சார். அதுக்கு மேலன்னு எவ சொன்னாலும் பொய்."

அதிகாரி காப்பியைக் குடித்து முடித்து, எழுதிக்கொண்டு போனார். அப்பா அவரைத் தெருமுனை வரை கூடப் போய் அனுப்பவில்லை.

பாலிசி வந்தது. வெள்ளச் சேதம் நீங்கலாக என்று அதில் இருந்தது. அப்பா மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சண்டை போட்டார். "தீப்பிடிச்சா வாங்க" என்று அதிகாரி சொன்னாராம். அதை முற்றத்தில் நின்று அம்மாவிடம் கத்தினார்.

"அவ அம்புட்டுப் பேசுதா, நான் வாயப் பொத்திக்கிட்டு நிக்கணுமோ? உங்க பாலிசிக்காக?" என்று அம்மாவும் கத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசியில் ஓடை வந்தது. அதே பின்பக்கச் சுவர் விழுந்தது. கட்டிப்போட்டிருந்த ஆட்டை அவிழ்க்க நேரம் கிடைக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் இரண்டு வீட்டிலும் சகதியை வாரிக்கொண்டிருந்தோம். பெரியம்மாவின் கோழி நடுச்சுவரின் மேல் நின்றது.

"ஏ கோழி, பக்கத்து வீட்டுக்கு ஒரு வத்திப்பெட்டி குடுத்துட்டு வா. தீ வச்சாத்தான் அவுகளுக்குப் பணம் வருமாம்."

அம்மா சகதிக் கூடையோடு அப்படியே நின்றாள். அப்பா மண்வெட்டியை நிறுத்தினார்.

"ஏட்டி, என்ன பேசாம நிக்க? சொல்லு."

"ஆடு இல்லையே."

அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அம்மாவுக்கு எதிரே வந்து நின்றார்.

"என்கிட்ட சொல்லு."

அம்மா கூடையை இறக்கி வைத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து, அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்படி ஆரம்பித்தாள்.