முகத்தில் ஏறிய நீலம்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தொழிலில் எல்லாரும் "இருட்டு" என்றுதான் சொல்வார்கள். ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, வேலையைப் பார்த்து வைத்த பெயர். யார் வீட்டுக்குள் போனாலும் வணக்கத்துக்கு அடுத்த வார்த்தை "லைட்டை அணைங்க" என்பதுதான். அப்புறம் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுவார். ஸ்பீக்கரிலும் செட்டாப் பாக்ஸிலும் மினுக்கிக்கொண்டிருக்கும் பொட்டு விளக்குகளைத் தேடித் தேடி டேப் ஒட்டுவார். ஒரு வீட்டில் பிள்ளையார் சுழி போடுவதற்கு முன்பே வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்து, "சார், வெளிச்சம் உங்க மேல பட்டுத் திரைக்குத் திரும்புது, கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டு வராந்தாவில் காவல்காரர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

நான் ப்ரொஜெக்டரும் திரையும் விற்கிறவன். மாமா அதற்குப் பிறகு வந்து படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்து கொடுக்கிறவர். எங்கள் இருவருக்கும் ஆகாது, ஆனால் ஒருவரில்லாமல் ஒருவருக்கு ஓடாது. கடையில் நான் படத்தைக் கண்ணைப் பறிக்கிற மாதிரி வைத்திருப்பேன். அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் ஆட்கள் பர்ஸைத் திறப்பார்கள். மாமா உள்ளே வந்தால் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "உன் கடையில தக்காளிகூட லிப்ஸ்டிக் போட்டிருக்கு மச்சான்" என்பார்.

அவர் வேலை செய்வதைப் பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவிதான் வரும். ஸ்டாண்டில் ஒரு சின்ன மீட்டர் திரையைப் பார்த்து நிற்கும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் பட்டைகள் ஒவ்வொன்றாக வரும். சாம்பலில் சிவப்போ பச்சையோ நீலமோ இம்மியும் தலைகாட்டக் கூடாது. மீட்டர் சொல்வதை லேப்டாப்பில் பார்த்துப் பார்த்து ரிமோட்டைத் தட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் மீட்டர் சரி என்று சொன்னதும் மூட்டை கட்டிவிட மாட்டார். ஒரு சின்னப் பெண் வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு தின்னும் காட்சி ஒன்று வைத்திருந்தார். அதை ஓடவிட்டு, அந்தப் பிள்ளையின் முகத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பார்த்து, கடைசியாக நீலத்தில் ஒரு தட்டு, சிவப்பில் ஒரு தட்டு. "மீட்டருக்கு மனுஷ முகம் தெரியாது" என்பார். அந்தக் கடைசித் தட்டுக்காகத்தான் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். வினையும் அதில்தான் இருந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் லாரி ஓனர் ஒருவர் வீட்டில் வேலை. மாடியில் ஜன்னலே இல்லாத அறை, மாமாவுக்குச் சொர்க்கம். பக்கத்து அறையில் ஓனரின் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தார். காசுக்காகத் தைக்கிறவர் இல்லை. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். ஆனாலும் அவரிடம் கொடுத்தால் துணியின் நிறத்துக்கு நூல் அச்சாகப் பொருந்தும், தையல் போட்ட இடமே தெரியாது என்று பெண்கள் வரிசையில் நிற்பார்கள். என் அக்காவே இரண்டு முறை கொடுத்திருக்கிறாள்.

வேலை முடிந்து ஆரஞ்சுப் பிள்ளை திரையில் வந்தது. லாரி ஓனர் "சூப்பருங்க" என்றார். அந்தம்மா கையில் பாதி தைத்த துணியோடு வாசலில் நின்று பார்த்தார்.

"பிள்ளை முகத்துல நீலம் ஏறியிருக்கே. குளிர்ல கிடந்த பிள்ளை மாதிரி இருக்கு."

இந்த மாதிரிப் பேச்செல்லாம் மாமாவுக்குப் பழக்கம். ஆனால் எல்லாரும் "மஞ்சளா இருக்கே" என்றுதான் சொல்வார்கள். என் கடைப் பளபளப்பைப் பார்த்த கண்ணுக்குச் சரியான படம் மஞ்சளாகத்தான் தெரியும், போகப் போகப் பழகும். நீலம் என்று சொன்னது இவர் ஒருத்தர்தான். மாமா அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். அவர் யோசிக்கவில்லை. மீட்டர் வைத்ததையும் தான் வைத்ததையும் மாற்றி மாற்றிக் காட்டி, எது வெள்ளை என்று கேட்டார். அந்தம்மா கொஞ்சமும் தயங்காமல் மீட்டர் வைத்ததைக் காட்டினார்.

"பார்த்தீங்களா, மஞ்சளைப் போய் வெள்ளைங்கிறீங்க. தப்பா நினைக்காதீங்கம்மா, சிலருக்கு நிறம் பார்க்கிறதுல கோளாறு இருக்கும். அவங்களுக்கே தெரியாது. ஒருதடவை கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

லாரி ஓனர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதைத்தாங்க இத்தனை வருஷமா நானும் சொல்றேன்" என்றார். அவர் அதுவரை அப்படி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அந்தம்மா துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாமா ஊரெல்லாம் வேலை செய்தார். இடையில் படியில் இடறினார், எதிரே வரும் வண்டி வெளிச்சம் கூசுகிறது என்றார், சர்க்கரை என்று நினைத்து உப்பை அள்ளினார். அக்கா கத்தாத கத்தல் இல்லை. "ஊரார் வீட்டுப் படத்தைச் சரிபண்றவருக்கு உள்ளூர்ல ஒரு கண் டாக்டர் கிடைக்கலையா" என்று கேட்டு, கடைசியில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் புரை, வெகுநாளாகவே இருந்திருக்கிறது என்றார் டாக்டர். வலது கண்ணில் முதலில் ஆபரேஷன் ஆயிற்று. இடது கண்ணுக்குப் பிறகு நாள் சொல்வதாகச் சொன்னார்கள்.

கட்டுப் பிரித்த மறுநாள் நான் பார்க்கப் போயிருந்தேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து தலையணை உறையை மடியில் விரித்து வைத்திருந்தார். ஒரு கண்ணைப் பொத்துவார், பார்ப்பார். மற்றதைப் பொத்துவார், பார்ப்பார்.

"என்ன இது, சின்னப் பிள்ளை மாதிரி" என்றாள் அக்கா.

"இந்தக் கண்ணுக்கு இது வெள்ளை. அந்தக் கண்ணுக்கு டீயில முக்கி எடுத்த மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு எழுந்து போய்த் தன் அறையின் ப்ரொஜெக்டரைப் போட்டார். ஆரஞ்சுப் பிள்ளை வந்தது. புதுக் கண்ணால் மட்டும் பார்த்தார். நான் பின்னாலேயே நின்றிருந்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் சொல்லித்தான் எனக்கும் விளங்கியது. புரை விழுந்த கண் மஞ்சள் கண்ணாடி போட்ட கண் மாதிரி. அவர் பார்வைக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது. அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு வீட்டிலும் கடைசித் தட்டில் நீலத்தை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். மீட்டர் சரியாக வைத்ததைக் கையால் கெடுத்துவிட்டு, பெருமையோடு வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"எல்லா வீட்டுக்கும் போகணும் மச்சான்."

"போய் என்ன சொல்வீங்க? நான் குருட்டுக் கண்ணை வச்சுக்கிட்டு உங்க படத்தைக் கெடுத்துட்டேன்னா? அப்புறம் என் கடைக்கு எவன் வருவான்? ஒருத்தரும் குறை சொல்லலையே. விடுங்க மாமா."

"ஒருத்தர் சொன்னாங்க" என்றார்.

அவர் போனார். என் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டால் அல்லவா. அவர் ஒற்றைக் கண்ணை நம்பி வண்டியைக் கொடுக்க அக்காவுக்கு மனமில்லை, அதனால் வண்டி ஓட்டும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் வீட்டுக்காரர், "இருக்கிறதே நல்லாத்தான் இருக்கு, எதுக்கு நோண்டுறீங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டார். இன்னொரு வீட்டில் பையன் எப்போதோ பழைய பளபளப்பு மோடுக்கே மாற்றி வைத்திருந்தான், மாமா வைத்தது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லையாம். இன்னொருவருக்கு அப்படி ஒரு வேலை நடந்ததே ஞாபகமில்லை. வண்டியில் ஏறியதும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமாவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மற்ற வீடெல்லாம் போனவர் லாரி ஓனர் வீட்டை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தார். இன்றைக்கு மழை என்பார், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பார். சாப்பாட்டைக் கையால் அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அக்கா ஒருநாள் நேராகக் கேட்டுவிட்டாள்.

"அந்த வீட்டுக்குப் போக என்ன, பயமா?"

"பயம்தான்" என்றார் மாமா. "மத்தவங்களுக்கு நான் படத்தைத்தான் கெடுத்தேன். அந்தம்மா சரியாச் சொன்னாங்க. உங்களுக்குக் கண்ணு சரியில்லைன்னு அவங்க வீட்டுக்காரர் முன்னாடியே சொல்லிட்டு வந்துட்டேன். அவங்க வாயால, நான் அன்னைக்கே சொன்னேனேன்னு ஒரு வார்த்தை என்னைத் திட்டிட்டா எனக்குப் போதும்."

எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அன்றோடு போய்விட்டது. மறுநாள் காலையில் நானே வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன்.

லாரி ஓனர் வாய்கொள்ளாச் சிரிப்போடு வரவேற்றார். ஓசியில் மறுபடி பார்த்துக் கொடுக்கிறேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள். மாடி ஏறும்போது மாமாவின் பை வார் தையல் விட்டுத் தொங்கியது. பழைய பச்சைக் கான்வாஸ் பை, வெயிலில் வெளுத்து என்ன பச்சை என்றே சொல்ல முடியாத பச்சை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். பக்கத்து அறையைத் தாண்டும்போது இருவரும் உள்ளே பார்த்தோம். மெஷினைச் சுற்றி வெள்ளைத் துணி மலை மாதிரி குவிந்திருந்தது. முடித்து அடுக்கிய சட்டைகளும் வெள்ளை, வெட்டிப் போட்ட துண்டுகளும் வெள்ளை. அந்தம்மா தலை நிமிர்ந்து, "வாங்க" என்று சொல்லிவிட்டு மெஷினை ஓட்டினார்.

மாமா மீட்டரை மட்டும் வைத்து வேலையை முடித்தார். ஆரஞ்சுப் பிள்ளை வந்தபோது ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். பிறகு அந்தம்மாவைக் கூப்பிடச் சொன்னார்.

"அம்மா, அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. நீலம்தான் ஏறியிருந்துச்சு. கோளாறு உங்க கண்ணுல இல்ல, என் கண்ணுல. புரை விழுந்திருக்கு, தெரியாமலே வேலை பார்த்திருக்கேன். என்னை மன்னிச்சிடுங்க."

"ஐயோ, அதுக்கென்னங்க, பரவாயில்லை" என்றார் அந்தம்மா. யாராவது காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் சொல்வோமே, அந்த மாதிரி.

மாமா பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் காட்டினார். "நீங்களே சொல்லுங்க. எது சரி?"

அந்தம்மா திரையைப் பார்த்தார். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மாமாவின் முகத்தைப் பார்த்தார். "நீங்க எதைச் சரிங்கிறீங்களோ அதுவே இருக்கட்டும்."

"நான் சொல்றது கிடக்கட்டும். உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"அவளைப் போய்க் கேட்டா?" என்றார் லாரி ஓனர். "அவளுக்குத்தான் நிறம் தெரியாதே. நீங்க அன்னைக்குச் சொன்னதும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் அட்டை அட்டையாக் காட்டிப் பார்த்துட்டு, கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு. அவருக்கென்ன தெரியும், நிறத்துலயே பிழைக்கிறவர் சொன்னதை விடவான்னு வந்துட்டோம்."

மாமா என்னைப் பார்த்தார். நான்தான் கேட்டேன், "ஏங்கம்மா, இப்ப வெள்ளைத் துணிதான் தைக்கிறீங்களா?"

"ஆமாங்க. ஆஸ்பத்திரிக் கோட்டு, ஸ்கூல் சட்டை. கலர்த் துணி எடுக்கிறதில்லை. ஒரு பொண்ணுக்கு நூல் மாத்திப் போட்டுட்டேனோன்னு சந்தேகம் வந்துச்சு. அவ நல்லாத்தான் இருக்குன்னா. எனக்குத்தான் நம்பிக்கை வரலை. வெள்ளைன்னா வெள்ளை நூலு, யாரையும் கேட்க வேண்டியதில்லை பாருங்க."

வருத்தமாகச் சொல்லவில்லை. பழகிப்போன விஷயத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

மாமா சட்டென்று பையை நீட்டினார். "வார் விட்டுப்போச்சும்மா. ஒரு தையல் போட்டுக் கொடுங்க. நூல் நீங்க பார்த்துப் போடுங்க. எந்த நூல் போட்டாலும் சரி, உங்க கண்ணுக்குப் பட்டது போதும்."

அந்தம்மா பையை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். நாங்களும் போனோம். மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துத் திறந்தார். உள்ளே பச்சையில் மட்டுமே ஏகப்பட்ட நூல்கண்டுகள், மேலே மெல்லத் தூசி. பெட்டியின் மேல் கை ஒரு நொடி நின்றது. ஒரு கண்டைத் தொட்டார், நகர்ந்தார், இன்னொன்றைத் தொட்டார். பிறகு பெட்டியை மாமா பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே எடுத்துக் கொடுத்துடுங்க சார்."

மாமா குனிந்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். கை பெட்டிக்குள் போனது, எதையும் எடுக்காமல் திரும்பி வந்தது. இருவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் நான்தான் ஒரு கண்டை எடுத்துக் கொடுத்தேன். அந்தம்மா அதை மெஷினில் கோத்துத் தைத்துக் கொடுத்தார். நூல் பொருந்தியதா இல்லையா என்று அவர்கள் இருவருமே சொல்லவில்லை.