திருப்பூர் என்று நான் சொன்ன பொய்

2009-இல் என் கணவர் குடியை விடுவதற்காகச் சிதம்பரத்தில் ஒரு சிகிச்சை மையத்தில் நாற்பது நாள் இருந்தார். கடலூரில் என் பிறந்த வீட்டாரிடம், திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தேன்.

வீடு திரும்பும் நாளில் டாக்டர், "சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. தெரிஞ்சாதான் யாரும் ஊத்திக் கொடுக்க மாட்டாங்க" என்றார். தலையாட்டினேன். பஸ் ஏறியதுமே கணவரிடம் சத்தியம் வாங்கினேன்.

"எங்க வீட்ல மட்டும் வாயத் தொறக்காதீங்க. என் மானம் போயிடும்."

ஏழு மாதம் அவர் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. பிறகு பண்ருட்டியில் என் தம்பி மகளுக்குக் காதுகுத்து. பந்தி முடிந்ததும் ஆண்கள் மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். போட்டோவுக்கு அவரைக் கூப்பிடப் போனேன். தம்பி அவரிடம் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தான்.

"வேணாம் மச்சான், வயிறு சரியில்ல."

"திருப்பூர் போயி வந்ததும் நாங்க கொடுத்தா ஆவாதா மாமா? தாய்மாமன் சீர் வச்ச என் பொண்டாட்டி வீட்டுக் கூட்டம் பாக்குது. வாங்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுற்றிலும் சொந்தக்காரர்கள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "சீக்கிரம் குடிச்சிட்டு வாங்க, போட்டோ எடுக்கணும்" என்றேன்.

குடித்தார். அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை.

அவர் குடிப்பது இப்போது என் பிறந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். குடிகாரனிடம் மாட்டிக்கொண்டேன் என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். அவர் எதிரிலேயே சொல்கிறார்கள். அப்போதும் அவர் சிதம்பரத்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. எனக்குச் செய்த சத்தியத்தை இன்னமும் காப்பாற்றுகிறார்.