பன்னிரண்டு இருக்கை மலைப்பாதை

ஒற்றைச் செருப்புகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, ஏறக்குறைய தென்னை மர நீளத்துக்கு வரிசை கட்டி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாமே இடதுகால் செருப்புகள். ரப்பர் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு, கல்யாணத்துக்கு வாங்கிய வெல்வெட் செருப்பு, குழந்தையின் பீப்பீச் செருப்பு. உரிமையாளர்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டிருக்க, செருப்புகள் வெயிலில் பொறுமையாக நின்றன. தொண்ணூற்றெட்டாம் வருடம், தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையோரம், ஒரு சித்திரைத் திருவிழாப் பொருட்காட்சியில் கண்ட காட்சி. அந்த வரிசையை உண்டாக்கியவர் என் மதினி, அண்ணனின் மனைவி. அதற்கு முந்தைய நாள் நான் உண்டாக்கிய வரிசையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பெருமைப்பட அதில் எதுவுமில்லை.

என் அண்ணன் போடிமெட்டு மலைப்பாதையில் ஜீப் ஓட்டியவர். விடியுமுன் ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மேலே போவார், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். முந்தின வருடம், இறக்கத்தில், மூடுபனியில், பதினோராவது வளைவில் பிரேக் பிடிக்காமல் ஜீப் பாதையை விட்டு விலகிச் சரிந்தது. ஒரு சவுக்கு மரம் குறுக்கே நின்று தாங்கிக்கொண்டது. ஏறியிருந்த பதினான்கு பேரும் சிராய்ப்போடு தப்பினார்கள். அண்ணனுக்குச் சிராய்ப்புகூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தால், சமதரையிலேயே, அவர் கை நடுங்கியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வைகாசி முதல் தேதி வந்து வண்டியை எடுக்க வேண்டும் என்று எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, "சரி, வாரேன்" என்றுதான் சொன்னார். சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்பு தளும்புவதைப் பார்த்தவர் மதினி மட்டுமே.

மதினியின் தம்பி கேரளத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் மெக்கானிக். அங்கே கழித்துக் கட்டிய ஒரு யந்திரம் வெளியே கிடப்பதாக அவன் சொன்னதுதான் தொடக்கம். பன்னிரண்டு பேர் உட்காரும் வெள்ளை நிறப் பெட்டி. பார்க்க ராட்சச மாத்திரை போல இருக்கும். உள்ளே திரையில் படம் ஓட ஓட, அடியில் இருக்கும் எண்ணெய்க் குழாய்கள் பெட்டியைத் தூக்கும், சாய்க்கும், குலுக்கும். திருவிழாவுக்கு இரவலாக எடுத்து வரலாம்; எட்டு நாளும் கூட்டம் வந்தால் வசூலில் விலையைக் கட்டிவிடலாம், யந்திரம் நம்மிடம் தங்கும், அண்ணன் மலையேற வேண்டாம். வராவிட்டால் யந்திரம் வந்த வழியே திரும்பும், அண்ணனும் வைகாசியில் ஜீப் ஏறுவார். மதினி போட்ட கணக்கு இவ்வளவுதான். தமிழ் எம்.ஏ. முடித்து டுடோரியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, கோடை விடுமுறையில் வீட்டில் புத்தகமும் கையுமாகக் கிடந்த என்னையும் அந்தக் கணக்கில் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டார். "கொழுந்தனாரே, சும்மா கெடக்கறதுக்கு அங்கன வந்து கெடங்க" என்று கௌரவமாகவே அழைத்தார்.

யந்திரத்தோடு வந்த படத்தில் ஒரு சுரங்க ரயில் பனிமலையில் தலைதெறிக்க ஓடியது. முதல் நாள் பத்துப் பன்னிரண்டு பேர் துணிந்து ஏறினார்கள். இறங்கியவர்களின் விமர்சனத்தை நுழைவாயிலில் நின்று கேட்டேன்.

"பனிங்கிறான், குளிரவே இல்லையே."

"ஊருன்னு இருந்தா ஒரு டீக்கடை இருக்காதா? ஒரு ஈ காக்கா இல்ல."

"ரயிலு எங்கிட்டுப் போகுதுன்னே தெரியலப்பா. டேசனே வரல."

போடி ரயிலில் போய்ப் பழகியவர்கள். நிலையம் வராத ரயிலை அவர்கள் ரயிலாக ஏற்கவில்லை. இந்த அதிவேக வண்டி எங்கேயும் நிற்காமல் போனது அவர்களுக்கு ஒரு நிர்வாகக் குறைபாடாகவே பட்டது.

படத்தை மாற்ற வேண்டும் என்றார் மதினி. என்ன படம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அவர் முடிவே செய்துவிட்டிருந்தார். மறுநாள் விடியலில் கல்யாண வீடியோக்காரரிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு, வேறொரு டிரைவரின் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து, முந்தல் சோதனைச்சாவடியிலிருந்து போடிமெட்டு வரை ஏற்றம் முழுவதையும் நான் பிடித்து வந்தேன். வீடியோக்கடையில் வளைவுகளை மட்டும் வெட்டி ஒட்டி ஏழு நிமிடமாக்கினோம். யந்திரத்தின் கம்ப்யூட்டருக்குப் பனிமலை மட்டுமே தெரியும். ஆனால் ரிப்பேர் பார்ப்பதற்கென்று பின்புறம் இரண்டு கை லீவர்கள் இருந்தன. மதினியின் தம்பி அவற்றைக் காட்டிக்கொடுத்தான். பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன டிவியை வைத்து, முன்னே ஸ்டூல் போட்டு அண்ணனை உட்காரவைத்தார்கள்.

அதன்பிறகு நடந்ததை எந்தப் பொறியியல் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அண்ணன் டிவியைப் பார்த்தே ஓட்டவில்லை. மூன்றாவது வளைவில் வண்டி எவ்வளவு சாயும், ஆறாவதில் எந்தக் குழியில் பின்சக்கரம் இறங்கும், எதிரே கட்டைலாரி வந்தால் எப்படி ஒதுங்கும் என்பதெல்லாம் அவர் மணிக்கட்டில் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் வளைவுக்கு வளைவு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஆறாவது வளைவு தாண்டியதும் மதினி ஐஸ்கட்டிமேல் மின்விசிறியைத் திருப்புவார். விசிறிக்கு முன்னால் ஒரு துணிமுடிப்பில் ஏலக்காய் தொங்கும். குளிரும் வாசனையும் சரியான உயரத்தில் வந்து சேர்ந்தன. ஜன்னலே இல்லாத பெட்டியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் "கையை வெளிய நீட்டாதீக" என்று மதினி எச்சரித்தார். எல்லோரும் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் வாந்தி எடுத்தபோது யந்திரம் வெற்றி என்பது உறுதியாயிற்று.

அன்று சாயங்காலமே கூட்டம் தாங்கவில்லை. இங்கேதான் என் அறிவு நுழைகிறது. வெளிநாட்டுப் பூங்காக்களில் வரிசையைப் பாம்புபோல மடித்து மடித்து விடுவார்கள் என்று நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். சவுக்குக் கட்டை நட்டு, கயிறு கட்டி, ஒன்பது மடிப்பு வைத்தேன். நம் மக்கள் அதை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குனிந்து, கயிறுகளுக்கு அடியில் நேராக நடந்து வந்தார்கள். சுற்றி வரச் சொன்னபோது ஒரு பெரியவர், "வாசல் இந்தா இங்கன இருக்கு. எதுக்குச் சுத்தணும்? கோயிலா?" என்று கேட்டார். தள்ளுமுள்ளில் கட்டைகள் சாய்ந்தன, கூட்டம் பாதைக்கு வழிந்தது. தீச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்கு வழி இல்லாமல் போயிற்று. திருவிழாக் கமிட்டிக்காரர் வந்து, நாளைக்கும் பாதை அடைபட்டால் யந்திரத்தை அகற்றிவிட வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். நிதானமாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை மதினி என் சவுக்குக் கட்டைகளைப் பிடுங்கி அடுப்புக்கு அனுப்பினார்.

"கொழுந்தனாரே, நம்ம தெருக் கொழாயடியில என்னைக்காவது ஆளு வரிசையில நின்னு பாத்திருக்கீகளா?"

"இல்ல மதினி. குடம் நிக்கும்."

"அம்புட்டுத்தான். ஆளு வந்தா தள்ளும். குடம் தள்ளுமா?"

"திருவிழாவுக்கு யாரு மதினி குடத்தோட வருவாக?"

"செருப்போட வருவாகள்ல. ஒத்தைச் செருப்பை வாங்கி வைங்க. ஒத்தையை எவன் களவாங்கப் போறான்? ஒத்தைக் காலோட அவுகளும் ரொம்பத் தூரம் போகமாட்டாக."

அப்படித்தான் அந்த வரிசை பிறந்தது. விரதமிருப்பவர்கள் செருப்பு அணிவதில்லை என்பது மட்டும் எங்கள் இருவர் மூளைக்கும் எட்டவில்லை. காப்புக் கட்டிய ஒருவர் செருப்புக்குப் பதிலாகக் கையிலிருந்த வேப்பங்கொத்தை இரண்டு செருப்புகளுக்கு நடுவே வைத்துவிட்டார். கமிட்டிக்காரர் பார்ப்பதற்குள் மதினி ஓடிப்போய் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி, அருகிலிருந்த மரக்கிளையில் செருகினார். விரதக்காரர்களுக்குக் கயிறு கட்டித் துண்டுகளைத் தொங்கவிடும் தனி வரிசை உண்டாயிற்று. பாதை காலியாக இருந்தது. கமிட்டிக்காரர் மறுபடி வந்து பார்த்தார். தன் இடதுகால் செருப்பைக் கழற்றிக் கடைசியில் வைத்தார்.

நான்காம் நாள் பிற்பகலில்தான் அந்தச் சிக்கல் வந்தது. படம் முடிந்து, கதவு திறந்து, பதினோரு பேர் இறங்கிவிட்டார்கள். தேவாரம் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா மட்டும் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். படம் போடிமெட்டு டீக்கடையோடு முடிந்துவிடும். நான் உள்ளே போனேன்.

"எறங்கலையாம்மா?"

"மேல கொண்டாந்து விட்டுட்டு எறங்குங்கிற. இங்கன எறங்கி நான் என்னத்தப் பண்ண? கீழ கொண்டு போயி விடு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

வெளியே எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இது படம், நாம் தரையில்தான் இருக்கிறோம் என்று ஒரு ஆசிரியருக்குரிய பொறுமையோடு விளக்கினேன்.

"அது எனக்குத் தெரியாதாக்கும்" என்றார் அவர். "எம்மக தெனம் இந்த ஜீப்புலதான் வேலைக்குப் போறா. எம்புட்டு வருசமாப் போறா, போற பாதையை இன்னைக்குத்தான் பாத்தேன். அவ திரும்பி வர்றதைப் பாக்காம எப்பிடித் தம்பி எந்திரிக்கிறது?"

இத்தனை நாளாக வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். மலைக்குப் போகிறவர்கள் இல்லை. போகிறவர்களை அனுப்பிவிட்டு ஊரில் இருக்கிறவர்கள். ஏற்றம் மட்டும் எடுத்ததற்கு நான் மனதில் தயாராக வைத்திருந்த கலை சார்ந்த காரணம் எதையும் சொல்லவில்லை. உண்மையான காரணம், இறக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை என்பதுதான்.

மதினி அவரைக் கைபிடித்து இறக்கி, "நாளன்னைக்கு வாங்கக்கா. எறக்கி விடுறோம்" என்றார். பெட்டிக்குப் பின்னால் லீவரைப் பிடித்தபடி அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியலில் வாசலில் ஒரு ஜீப் நின்றது. முன்பு படம் எடுக்கப் போன அதே வண்டி. அதன் டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை ஓட்டச் சொல்லவில்லை.

"வேற டிரைவருக்குச் சொல்லவா அண்ணே?" என்றேன்.

"அவன் எறக்குனா அவன் எறக்கமாத்தான இருக்கும். லீவர் புடிக்கிறது நானு" என்றார்.

மதினி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நீங்கள் எதற்கு என்று கேட்டதற்கு, "கேமராவுக்கு நீங்க, வண்டிக்கு அவுக. பேசறதுக்கு ஒரு ஆளு வேணாமா?" என்றார்.

மெட்டிலிருந்து இறங்கத் தொடங்கியதும் பேச்சைத் தொடங்கினார். உளுந்து ஊறப்போட்டது, எதிர்வீட்டுக்காரி கோலத்தில் புள்ளி தப்பாக வைப்பது, செருப்பு வரிசையில் ஒருத்தர் இரண்டு கால் செருப்பையும் வைத்து இரண்டு இடம் பிடித்தது. அண்ணனின் கை நடுங்கியதை ஓரக்கண்ணால் பார்த்தேன். கேமராவும் நடுங்கியது. இதில் யார் நடுக்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பதினோராவது வளைவுக்கு முன் அவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். சவுக்கு மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார்.

"இன்னும் நிக்குதே" என்றார்.

"அது நிக்கட்டும், அதுக்கு வேற சோலி இல்ல. நமக்கு பத்து மணிக்கு மொத ஷோ" என்றார் மதினி, பின்சீட்டிலிருந்து.

அண்ணன் ஏறினார். அந்த வளைவை இரண்டாம் கியரில், மாட்டுவண்டி வேகத்தில் கடந்தோம். அதற்குப் பிறகு கேமரா நடுங்கவில்லை.

முந்தலில் வண்டி நின்றதும் நான் கேமராவை அணைக்காமலேயே பின்னால் திரும்பினேன். மதினி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார். வாய் மட்டும் எதிர்வீட்டுக்காரியைத் திட்டிக்கொண்டிருந்தது. நான்கு விநாடி அது பதிவாகிவிட்டது. வீடியோக்கடையில் அந்த நான்கு விநாடியை வெட்டச் சொன்னேன். பேச்சை வெட்ட வழியில்லை. படத்தை வெட்டியதில் உளுந்து ஒரு வளைவிலும் அது ஊறியது மூன்று வளைவு தள்ளியும் வந்தன. மக்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜீப்பென்றால் பின்னால் யாராவது பேசிக்கொண்டு வருவார்கள்தானே. சொன்னபடி தேவாரத்து அம்மா வந்தார், இந்தமுறை மகளோடு. ஏறினார்கள், இறங்கினார்கள். மகள் வாந்தி எடுத்தாள். தாய் அவள் முதுகைத் தடவியபடி, "தெனம் இப்பிடித்தானாடீ?" என்று கேட்டதை மட்டும் கேட்டேன்.

வைகாசி முதல் தேதி எஸ்டேட் ஆள் வந்தபோது அண்ணன், தான் வரவில்லை என்று சொன்னார். கை நடுக்கத்தால் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த மாதம் வடுகபட்டிப் பக்கம் ஒரு பொருட்காட்சிக்கு இடம் பேசியாகிவிட்டது. அந்தப் பெட்டி பத்து வருடம் உழைத்தது. இப்போது மதுரையில் ஒரு வணிக வளாகத்தின் விளையாட்டுக் கூடத்தில் என் மகள் கையில் ஒரு பட்டையைக் கட்டி, முறை வரும்போது அது அதிரும் என்கிறார்கள். மிக நவீன ஏற்பாடு என்று வியக்கிறாள். இடதுகால் செருப்பைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டாள், அதனால் நான் சொல்வதில்லை.

வெட்டிப்போட்ட நான்கு விநாடி வீடியோக்கடைக்காரரிடம் ஒரு பழைய டேப்பில் கிடந்தது. கடையைக் காலி செய்கையில் குறுந்தகட்டில் ஏற்றிக் கொடுத்தார். போன பொங்கலுக்கு அண்ணன் வீட்டில் அதைப் போட்டேன். அண்ணன் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். திரும்பி மதினியைப் பார்த்தார்.

"அடியே, கண்ணை மூடிக்கிட்டா வந்த?"

மதினி முறத்திலிருந்த அரிசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"கண்ணை மூடுனேன். வாயை மூடுனேனா?"